கிக்கரில் கால் வைக்கும் முன்: ஆண்டுக்கணக்கில் நின்றுபோன பைக்கை ஓடவைக்க முழு வழிகாட்டி

வளைகுடா வேலைக்குப் போனவர் மூன்று வருடம் கழித்து ஊர் திரும்புகிறார். தாழ்வாரத்தில் கோணி போர்த்திவிட்டுப் போன ஸ்பிளெண்டர் போர்த்தியபடியே நிற்கிறது. பெட்டியை இறக்கிய கையோடு கோணியை உருவி, சாவியைத் திருகி, கிக்கரை உதைக்கிறார். ஐந்து உதை, பத்து உதை, வியர்க்க வியர்க்க முப்பது உதை. இன்ஜின் ஏதாவது கெட்டுப்போகிறது என்றால், சும்மா நின்ற மூன்று வருடத்தைவிட இந்த முப்பது உதையில்தான் அதிகம் கெட்டுப்போகிறது.

நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்துபோயிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மெல்லிய துரு பிடித்திருக்கும். அந்த நிலையில் உதைத்தால் ரிங்கு உலர்ந்த சுவரை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும். டேங்கில் பிசினாகிப்போன பெட்ரோல் கார்ப்பரேட்டரின் நுண்ணிய துளைகளுக்கு இறங்கும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கட்டிய கூடு இருந்தால் அந்தக் குப்பையையும் இன்ஜின் உறிஞ்சும். அதனால் இந்த வழிகாட்டியில் கிக்கர் கடைசிக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கார்ப்பரேட்டர் உள்ள 97.2 சி.சி. ஸ்பிளெண்டர். 1994இல் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் கிராமம்தோறும் ஓடுகிற வண்டி. அதே இன்ஜின் வகையைச் சேர்ந்த ஹீரோ ஹோண்டா சிடி 100, பேஷன் போன்றவற்றுக்கும் இது அப்படியே பொருந்தும். மற்ற கார்ப்பரேட்டர் வண்டிகளுக்கு அளவுகள் மாறும், வரிசை மாறாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்குத் தனியாக ஒரு பகுதி கீழே உண்டு. இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் இரவு முழுக்க எண்ணெய் ஊறவேண்டும்.

தொடுமுன் பாருங்கள்

வண்டியை நிழலான திறந்தவெளிக்குத் தள்ளிக்கொண்டு போய் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். தள்ளும்போதே சக்கரம் சுற்றாமல் இழுபட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். முரட்டுத்தனமாக இழுக்காமல் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தாலே பெரும்பாலும் விட்டுவிடும்.

டார்ச்சை எடுத்து, வண்டியில் குடியிருந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். நம் ஊரில் நிறுத்திவைத்த வண்டிக்கு முதல் எதிரி குளவி. துளை கண்ட இடமெல்லாம் மண்ணைக் குழைத்து அடைத்துவிடும். சைலன்சர் வாய், கார்ப்பரேட்டரின் அடியில் தொங்கும் ஓவர்ஃப்ளோ ட்யூப், பேட்டரியின் ஆவிக் குழாய், டேங்க் மூடியின் காற்றுத் துளை ஆகிய நான்கையும் பாருங்கள். மூடித் துளை ஊசி நுழையும் அளவுதான் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அது அடைத்திருந்தால் வண்டி ஐந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். காரணம் தெரியாமல் கார்ப்பரேட்டரை மூன்று தடவை கழற்றுவார்கள்.

சீட்டைக் கழற்றி எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்து ஏர் ஃபில்டரை வெளியே எடுங்கள். பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் விரலால் அழுத்தும்போது பொடிப்பொடியாக உதிரும். அதைக் கழுவிப் பயனில்லை, புதிது போடுங்கள். காகித ஃபில்டரும் அப்படியே. பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, கார்ப்பரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரல் விட்டுத் துழாவுங்கள்.

கையில் இருக்கவேண்டியவை

8, 10, 12, 14, 17 அளவு ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், துரு இளக்கும் ஸ்பிரே, கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மல்டிமீட்டர், நல்ல பருத்தித் துணி. மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றும் சலைன் ட்யூபில் ஒரு சாண் துண்டும் வாங்குங்கள். எண்ணெய் செலுத்த அதைவிட வசதியான கருவி இல்லை. புதிய பிளக், ஒரு அடி பெட்ரோல் ட்யூப், இரண்டு கிளிப், கார்ப்பரேட்டர் வாஷர் செட், 900 மில்லி இன்ஜின் ஆயில் பாட்டில் ஒன்று.

திருப்புளி பற்றி ஒன்று சொல்லவேண்டும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் ஸ்டார் தலை ஸ்க்ரூக்கள் ஜப்பானிய அளவு. சாதாரண ஸ்டார் திருப்புளி அதில் முழுதாக இறங்காது. பலம் கொடுத்ததும் நழுவித் தலையைத் தின்றுவிடும். பொருந்துகிற திருப்புளி கிடைக்கவில்லையென்றால், துரு ஸ்பிரே அடித்து அரை மணி விட்டு, திருப்புளியை வைத்து அதன் பின்பக்கம் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருகுங்கள்.

இன்ஜின் சுற்றுகிறதா?

இதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் கிடைக்காமல் வேறெதற்கும் செலவு செய்யாதீர்கள்.

பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதியோ துடைத்தோ நீக்குங்கள். இல்லாவிட்டால் பிளக் கழன்றதும் அந்த மண் நேராகச் சிலிண்டருக்குள் விழும். பிளக்கைக் கழற்றி, துளை வழியே சலைன் ட்யூபைச் செருகி 10 மில்லி இன்ஜின் ஆயில் விடுங்கள்.

ஸ்பிளெண்டரில் ஒரு விசேஷம் உண்டு. இதன் சிலிண்டர் நேராக நிற்பதில்லை, முன்னோக்கிக் கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது. விட்ட எண்ணெய் முழுக்க அடிச்சுவரில் தேங்கும், மேல்சுவர் உலர்ந்தே இருக்கும். அதனால் எண்ணெயோடு, துரு ஸ்பிரேயின் நீளக் குழலைத் துளைக்குள் விட்டு மேல்நோக்கி இரண்டு மூன்று தடவை பீய்ச்சுங்கள். துளையைத் துணியால் மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

மறுநாள் காலையில் வண்டியை டாப் கியருக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜின் ஓடாதபோது கியர் லேசில் விழாது, பின்சக்கரத்தைக் கையால் முன்பின் அசைத்துக்கொண்டே மிதித்தால் விழும். இனி பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சக்கரத்தோடு இன்ஜினும் சுற்றி, பிளக் துளையில் ‘புஸ்… புஸ்…’ என்று காற்று வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இப்படி ஏழெட்டுச் சுற்று சுற்றினால் எண்ணெய் சுவர் முழுக்கப் பரவும்.

சுற்றவில்லையா? கிக்கரில் ஏறி நிற்கவேண்டாம். இறுகிய பிஸ்டன் மீது உதைத்தால் கிக்கர் பல்லும் கனெக்டிங் ராடும்தான் அடிவாங்கும். துரு இளக்கும் ஸ்பிரேயை மறுபடி பீய்ச்சி, இன்னும் 10 மில்லி எண்ணெய் விட்டு, காலை மாலை இருவேளையும் சக்கரத்தை முன்னே ஒரு அசைப்பு, பின்னே ஒரு அசைப்பு என்று மூன்று நாள் செய்யுங்கள். நூலளவு அசைந்தாலும் போதும், அதன்பிறகு விட்டுவிடும். நாலைந்து நாளாகியும் அசையவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றி போரிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சரிசெய்வது) பார்க்கவேண்டிய வேலை. அது லேத் பட்டறைக்குப் போகவேண்டியது.

இதோடு கிளட்சையும் பார்த்துவிடுங்கள். வண்டி கியரில் இருக்கும்போதே கிளட்ச் லீவரைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். லீவரைப் பிடித்த பிறகும் இன்ஜின் கூடவே சுற்றினால் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. லீவரைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் உலுக்கினால் பெரும்பாலும் பிரிந்துவிடும். இதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்து முதல் கியர் போட்டால் வண்டி பாய்ந்துவிடும்.

டேங்க்

பெட்ரோல் ட்யூபை கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றி ஒரு கேனில் விட்டு, டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் திருகை, அதாவது காக்கை, ரிசர்வில் வைத்து முழுவதையும் வடியுங்கள். பக்கத்தில் அடுப்போ, பீடியோ, செல்போன் சார்ஜரோ இருக்கக்கூடாது. டேங்குக்குள் பார்க்க டார்ச்தான், தீப்பெட்டி வேண்டவே வேண்டாம்.

வடித்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள். நல்ல பெட்ரோல் வெளிறி, மூக்கைத் துளைக்கும் வாசனையோடு இருக்கும். பழையது தேநீர் நிறத்துக்கு மாறி வார்னிஷ் வாடை அடிக்கும். அடியில் தனிப்படலமாக ஒன்று தேங்கி நின்றால் அது தண்ணீர். நமக்கு இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் உட்கார்ந்துவிடும். காக் எடுப்பது அடியிலிருந்துதான். பழைய வண்டிகளின் ரப்பர் ட்யூபும் வாஷரும் இத்தனை எத்தனாலுக்கென்று செய்தவை அல்ல, உலர்ந்து வெடித்திருக்கும். ட்யூபை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் புதிது போடுவதே நல்லது.

வடித்த பெட்ரோலைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். மூடிய கேனில் மெக்கானிக் கடைக்குக் கொடுத்தால் பாகங்கள் கழுவ எடுத்துக்கொள்வார்கள். நல்ல பெட்ரோலோடு கலந்து ஓட்டிவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம், பிசினும் அதோடு சேர்ந்தே போகும்.

டேங்க் உள்ளே பளபளப்பாக இருந்தால் அரை லிட்டர் புதுப் பெட்ரோலை விட்டுக் குலுக்கி இரண்டு முறை கழுவினால் போதும். செம்மண் பூசியதுபோல் துரு இருந்தால், டேங்கைக் கழற்றி, காக்கையும் கழற்றி அந்தத் துளையை இறுக்கமாக அடைத்துவிட்டு, மூன்று லிட்டர் வெள்ளை வினிகர் விடுங்கள். ஒரு கைப்பிடி பழைய நட்டுகளை எண்ணி உள்ளே போட்டுக் குலுக்குங்கள், வெளியே வரும்போதும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டேங்கைப் புரட்டிப் புரட்டி வையுங்கள். பிறகு வடித்து, இரண்டு மேஜைக்கரண்டி சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, வெயிலில் முழுதாகக் காயவையுங்கள். இங்கே தாமதம் கூடாது. வினிகர் பட்ட இரும்பு ஈரத்தோடு இருந்தால் ஒரு மணி நேரத்திலேயே மறுபடி சிவக்கத் தொடங்கும். காய்ந்ததும் ஒரு மூடி இன்ஜின் ஆயில் கலந்த கொஞ்சம் பெட்ரோலை விட்டு உட்புறம் முழுக்கப் படும்படி சுழற்றி வடித்துவிடுங்கள். காக்கின் வடிகட்டியையும் கழுவிவிட்டு மாட்டுங்கள்.

கார்ப்பரேட்டர்: வேலையின் மையம் இதுதான்

‘வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று கடைக்கு வரும் நின்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றே: ஸ்லோ ஜெட் அடைப்பு. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் புரியும். பித்தளையில் ஒரு சிறு தண்டு, நடுவே அரை மில்லிமீட்டரைவிடச் சிறிய துளை. வானத்தை நோக்கிப் பிடித்தால் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, முழு வட்டமாகத் தெரியவேண்டும். புள்ளி தெரியாவிட்டாலும், பிறை நிலாபோல் பாதி தெரிந்தாலும் அடைப்புதான். ஆக்ஸிலேட்டர் திருகாத நிலையில் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் ஒரே வழி அது. மூன்று வருடத்துப் பெட்ரோல் ஆவியாகிவிட்டுப் போட்ட பிசின் முதலில் அடைப்பதும் அதைத்தான்.

கழற்றும் முறை: மேல்மூடியைத் திருகிக் கேபிளோடு ஸ்லைடை மேலே உருவுங்கள். அதன் அடியில் நீளும் ஊசி வளையாமல் ஒரு துணியில் சுற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள். கிளாம்பையும் இரண்டு போல்ட்டையும் எடுத்தால் கார்ப்பரேட்டர் கைக்கு வரும். அடிக்கிண்ணத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கிண்ணத்தில் பச்சை படிந்த பசை இருக்கும். ஃப்ளோட்டை (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) பிடித்திருக்கும் சின்னக் கம்பியை உருவினால் ஃப்ளோட்டும் அதில் தொங்கும் ஊசியும் வரும். அந்த ஊசியின் கூம்பு முனையில் நகத்தை ஓட்டுங்கள். வளையமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் ஊசியை மாற்றுங்கள். பள்ளம் விழுந்த ஊசி பெட்ரோலை நிறுத்தாது, அது ஓவர்ஃப்ளோவில் சொட்டும், சில சமயம் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும்.

அடுத்து மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டையும் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, காடியில் சரியாகப் பொருந்தும் தட்டைத் திருப்புளியால்தான் தொடவேண்டும். சில கார்ப்பரேட்டர்களில் ஸ்லோ ஜெட் கழலாதபடி அழுத்திப் பொருத்தியிருக்கும், அதை நோண்டாமல் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். பக்கவாட்டிலுள்ள ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அதை உள்ளே திருகி, எத்தனை சுற்றில் மெல்ல உட்காருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். ஒன்றரை என்றால் ஒன்றரை. இறுக்கித் திருகினால் முனை சிதையும். திரும்ப மாட்டும்போது அதே எண்ணிக்கைக்கு வெளியே திருகுங்கள்.

ரப்பர் வாஷர், ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுத்த பிறகே கிளீனர் ஸ்பிரே அடியுங்கள். அது ரப்பரை ஊதவைத்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துளையில் அடித்தது நீங்கள் நினைக்காத இன்னொரு துளை வழியே முகத்துக்கு வரும். அப்படி வருவதுதான் நமக்கு வேண்டியதும். ஒவ்வொரு வழியிலும் அடித்து, மறுபக்கம் தாரையாக வெளிவருகிறதா என்று பாருங்கள். ஜெட்டுகளைக் கிளீனரில் ஊறவைத்து, பிறகும் அடைப்பு விடாவிட்டால் மின்ஒயருக்குள்ளிருக்கும் ஒற்றைச் செம்பு இழையால் மட்டும் குத்துங்கள். குண்டூசியும் இரும்புக் கம்பியும் துளையைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் அந்த வண்டிக்கு மைலேஜ் என்ற பேச்சே இல்லை.

புது வாஷர்கள் போட்டு மாட்டும்போது, ஸ்லைடின் பக்கவாட்டுக் காடி கார்ப்பரேட்டர் உள்ளே நீட்டியிருக்கும் முள்ளில் சரியாக உட்காரவேண்டும். உட்கார்ந்ததும் ஆக்ஸிலேட்டரைத் திருகி விடுங்கள், ‘டக்’ என்று சத்தத்தோடு திரும்பவேண்டும். ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பியும் இதைச் செய்து பாருங்கள். ஆக்ஸிலேட்டர் சோம்பலாகத் திரும்பினால் கேபிளில் எண்ணெய் விடுங்கள், இழை பிய்ந்திருந்தால் மாற்றுங்கள். திரும்பாத ஆக்ஸிலேட்டரோடு வண்டியை ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யவேண்டாம்.

ஆயில்

கணக்குப்படி ஆயில் ஓடாமலே இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். பழைய ஆயிலில் எரிபொருள் எச்சமும் ஈரமும் சேர்ந்து அமிலத்தன்மை வந்திருக்கும். அடியிலுள்ள 17 அளவு போல்ட்டைத் திறந்து வடியுங்கள். மோர்போல் வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மெல்லிதாகி பெட்ரோல் வாடை அடித்தால் முன்சொன்ன ஊசி ஒழுகியிருக்கிறது. போல்ட்டின் வாஷரை மாற்றி, அளவாக இறுக்குங்கள். இன்ஜின் உடல் அலுமினியம், பலம் காட்டினால் மரை போய்விடும்.

10டபிள்யூ-30 ஆயிலை, பாட்டிலில் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) எம்.ஏ என்று போட்டிருப்பதாக வாங்குங்கள், எம்.பி. வேண்டாம். ஸ்பிளெண்டரின் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுவது, கார் ஆயில் விட்டால் வழுக்கும். 900 மில்லியையும் கவிழ்க்காமல், முக்கால் பாட்டில் விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஜ் (ஆயில் மூடியோடு இருக்கும் அளவுக்குச்சி) பார்த்து ஊற்றுங்கள். கேஜைத் துடைத்து, திருகாமல் மரைமேல் வைத்து எடுத்துப் பார்ப்பதுதான் இதில் முறை. வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்கவேண்டும். ஹெட்டில் வால்வுகளுக்கு மேலுள்ள மேல்பக்க டாப்பெட் மூடியைத் திறந்து 5 மில்லி ஆயிலை அங்கேயும் விட்டுவிடுங்கள். ஆயில் பம்ப் மேலே ஏற்றுவதற்குள் கேம் உலர்ந்து உராயாமல் இருக்கும்.

பேட்டரி, கரண்ட்

கிக் மட்டும் உள்ள பழைய ஸ்பிளெண்டருக்கு ஸ்டார்ட் ஆக பேட்டரி தேவையில்லை. பிளக்குக்குப் பொறி கொடுக்கவைக்கும் சி.டி.ஐ. பெட்டிக்கு வேண்டிய கரண்ட் மேக்னெட் காயிலிலிருந்தே வருகிறது. ஹாரன், இண்டிகேட்டருக்குத்தான் பேட்டரி. அதனால் முதலில் வண்டியை ஓடவைத்துவிட்டு பேட்டரிக்குச் செலவு செய்யலாம். மல்டிமீட்டரில் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜ் போட்டுப் பாருங்கள். பல மாதம் 11க்குக் கீழே கிடந்தது பெரும்பாலும் மீளாது. 2.5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு கால் ஆம்பியர் வேகத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஏற்றவேண்டும். லாரி பேட்டரியோடு சேர்த்துப் போட்டால் வெந்துவிடும். முனைகளில் பூத்த பச்சையைச் சமையல் சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, வாசலின் தடவுங்கள்.

ஸ்பார்க் பார்க்க: புது பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜின் மீது அழுத்தி வையுங்கள், பிளக் துளையை விட்டு எட்டத்தில். கேப்பை அந்தரத்தில் விட்டு உதைத்தால் சி.டி.ஐ. கெடக்கூடும். சாவி போட்டு உதைத்தால் நீலமாக, ‘சட்’ என்ற சத்தத்தோடு பொறி வரவேண்டும். வரவில்லையென்றால் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். உள்ளே செம்பு பச்சை பூத்துப்போயிருப்பதுதான் அடிக்கடி காணும் குறை. அதன்பிறகு சாவி சுவிட்ச், எலி கடித்த ஒயர்.

பிரேக், டயர், செயின்

ஓடுவதற்கு முன் நிற்கத் தெரியவேண்டும். இரண்டு சக்கரத்தையும் கழற்றி டிரம்மின் உட்புறத் துருவையும் ஷூவின் பளபளப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். ஊதாதீர்கள், மூச்சில் போகும். ஷூவை விரிக்கும் கேமில் ஒரு பொட்டு கிரீஸ் போதும், லைனிங்கில் படக்கூடாது. ஷூவின் லைனிங் இரும்பை விட்டுப் பெயர்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் ஃப்ளூயிட் ஈரம் குடித்திருக்கும். மூடியில் எழுதியிருக்கும் வகையையே, டாட் 3 அல்லது டாட் 4, முழுதாக மாற்றுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் (சாலையில் படும் பூக்கள்) நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் நகம் நுழையும் வெடிப்பு இருந்தால் அந்த டயர் வேண்டாம். முன்னே 25, பின்னே 28 பி.எஸ்.ஐ. காற்றடித்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். ட்யூப் வால்வின் அடி ரப்பர் அழுகியிருந்தால் காலையில் தெரிந்துவிடும்.

செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். மடங்கி நிற்கும் கண்ணிகள் ஆயில் விட்ட பிறகும் நேராகாவிட்டால் செயின் செட்டையே மாற்றவேண்டும். தளர்வு இரண்டரை சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

இனி உதைக்கலாம்

ஒரு லிட்டர் புதுப் பெட்ரோல் போதும். காக்கைத் திறந்து இரண்டு நிமிடம் காத்திருங்கள், ஓவர்ஃப்ளோவில் சொட்டுகிறதா, ட்யூபில் கசிகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

பிளக்கை இன்னும் மாட்டவேண்டாம். துளையைத் துணியால் மூடி, சாவி போடாமல், இருபது தடவை மெதுவாக உதையுங்கள். உள்ளே மிச்சமிருந்த எண்ணெய் துணியில் தெறிக்கும், புது ஆயில் மேலே ஏறும். பிறகு பிளக்கை விரலால் மூன்று நான்கு சுற்று திருகிவிட்டு, அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். சாவி போட்டு, சோக் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஐந்தாறு உதைக்குள் எடுக்கும். புகை மண்டும், அது நாம் விட்ட எண்ணெய் எரிவது, ஐந்து நிமிடத்தில் அடங்கும். எடுத்ததும் முறுக்காதீர்கள். அரை நிமிடத்தில் சோக்கை எடுத்து, தானாக நின்று ஓடவிடுங்கள்.

எடுக்கவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் போதவில்லை அல்லது அதிகம் குடித்துவிட்டது. துடைத்து, சோக் இல்லாமல், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து உதையுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சந்தேகம் தீர, சிரிஞ்சில் 2 மில்லி பெட்ரோலைப் பிளக் துளையில் விட்டு, சிந்தியதைத் துடைத்து, பிளக்கை மாட்டி உதையுங்கள். இரண்டு வெடி வெடித்து நின்றால் ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் நன்றாக இருக்கின்றன, குறை கார்ப்பரேட்டரில்தான். சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் அணைந்தால் ஸ்லோ ஜெட்டை மறுபடி கழற்றுங்கள், முதல் தடவை சரியாகச் சுத்தமாகவில்லை. முறுக்கும்போது திணறினால் மெயின் ஜெட். ஐந்து நிமிடம் ஓடி நின்றால் டேங்க் மூடியைத் திறந்து மறுபடி உதையுங்கள், எடுத்தால் குளவி வேலை. ஐட்லிங் தானாக ஏறி இறங்கினால் கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவேயுள்ள இணைப்பில் காற்று புகுகிறது. நீலப்புகை அரை மணிக்குப் பிறகும் வந்தால் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது, அதற்கு மெக்கானிக் வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு: டேங்க் வடிப்பது, சிலிண்டருக்கு எண்ணெய் விடுவது, ஆயில், பிரேக் எல்லாம் இதேதான். ஆனால் பேட்டரி நன்றாக இல்லாமல் எதுவும் நடக்காது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சாவி போட்டதும் டேங்குக்குள் இரண்டு மூன்று விநாடி ‘ஸ்ஸ்’ என்று பம்ப் சத்தம் வரவேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், அடுத்து பம்ப். பம்பையும் இன்ஜெக்டரையும் வீட்டில் பிரிக்காமல் கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

சாலைக்கு வருமுன்

இன்ஷூரன்ஸ் இல்லாமல் தெருமுனை டீக்கடைவரை போவதும் குற்றம்தான். மூன்றாம் தரப்பு காப்பீடாவது எடுத்துவிட்டு வெளியே வாருங்கள். ஆர்.சி.யைப் பாருங்கள், சொந்த வண்டிப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். தாண்டியிருந்தால் படிவம் 25 கொடுத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கவேண்டும், ஐந்து ஆண்டு கிடைக்கும். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு புகைச் சான்றிதழ்.

முதல் நாள் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், 30 வேகத்துக்கு மேல் வேண்டாம். பிரேக்கை மூன்று நான்கு முறை மெல்லப் பிடித்துப் பழக்குங்கள். திரும்பி வந்ததும் ஆயில் அளவு, கசிவு, செயின் தளர்வு, சக்கர நட்டு பாருங்கள். 300 கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். உள்ளே ஒட்டியிருந்த பழைய கசடு புது ஆயிலில் கரைந்து வந்திருக்கும். அதை மிச்சம் பிடிக்கவேண்டாம்.

மறுபடி விட்டுப் போகிறீர்கள் என்றால்

‘வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஓடவிடுடா’ என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நல்ல எண்ணம்தான், ஆனால் வண்டிக்குக் கெடுதல். பெட்ரோல் எரியும்போது நீராவி பிறக்கிறது. ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறாது, அந்த ஈரம் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கித் துருவாகிறது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரமுடிந்தால் ஓட்டச்சொல்லுங்கள். இல்லையென்றால் தொடவேவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டு, காக்கை மூடி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டு, கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடிஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் டேங்கையும் வடித்து, ஒரு மூடி ஆயிலை உள்ளே சுழற்றிவிடுங்கள். பிளக் துளையில் 10 மில்லி ஆயில், பிளக்கை மாட்டி, சாவி போடாமல் மெல்ல நாலு உதை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பழைய பருத்திப் போர்வையால் மூடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். சைலன்சர் வாயில் துணியைச் சுருட்டி வைத்துக் கட்டி, சாவியோடு ஒரு சீட்டுக் கட்டிவிடுங்கள்: ஆயில் மாற்றிய தேதி, டேங்க் காலி, சைலன்சரில் துணி இருக்கிறது.